தோற்ற நாளின் மதிப்பு

தோல்வியைப் பற்றிப் பேச முற்படும்போது நாம் பெரும்பாலும் ஒரு சிறு தந்திரத்தைக் கையாள்கிறோம். தோற்றுப்போன ஒருவரின் கதையைத் தொடங்குகிறோம். கேட்பவரின் மனம் இளகும் வேளையில், பின்னாளில் அவர் பெற்ற வெற்றியை முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறோம். 'பார்த்தீர்களா, அந்தத் தோல்வியும் நன்மைக்கே' என்று முடிக்கிறோம். கேட்டவர் ஆறுதல் அடைகிறார், சொன்னவருக்கும் மனநிறைவு. ஆனால் நாம் பேசியது தோல்வியைப் பற்றித்தானா? அல்ல, பேசியதெல்லாம் வெற்றியைப் பற்றியே. தோல்வி அங்கே வெற்றி என்னும் மாளிகைக்கு ஒரு முகப்பு வாயிலாக மட்டுமே நின்றது. அப்படியானால், பின்னால் மாளிகை எதுவும் இல்லாமல் வாயில் மட்டுமே நிற்கும் வாழ்க்கைகளுக்கு என்ன பொருள்? அந்த வாயிலில் துவண்டு அமர்ந்திருப்பவரிடம் நாம் சொல்லத்தக்கது ஏதேனும் உண்டா?

இக்கேள்வியை ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையை முன்வைத்து ஆராய்வோம். வெற்றிக் கதையாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாழ்க்கைதான் அது. கூர்ந்து பார்த்தால் அதற்குள் வேறொன்று தெரிகிறது.

ஹாரிசன் டில்லார்ட் 1923 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் நாள் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்து நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். மெலிந்த உடல், அதனால் நண்பர்கள் அவரை 'எலும்பன்' என்னும் பொருள்படும் பட்டப்பெயரால் அழைத்தனர். 1936 இல் பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்று திரும்பிய ஜெஸ்ஸி ஓவன்ஸுக்குக் கிளீவ்லாந்து நகரம் பெரும் வரவேற்பு ஊர்வலம் நடத்தியது. வீதியோரம் நின்று அதைக் கண்ட சிறுவர்களில் பதின்மூன்று வயது டில்லார்டும் ஒருவர். ஓவன்ஸ் பயின்ற உயர்நிலைப் பள்ளியிலேயே பின்னர் அவரும் பயின்றார். கல்லூரிப் படிப்பின் நடுவே போர் குறுக்கிட்டது. அந்நாளில் அமெரிக்க இராணுவம் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது; கறுப்பின வீரர்களைக் கொண்ட 92 ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்க்கப்பட்டு அவர் இத்தாலியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் படைவீரர்களுக்காக நடத்தப்பட்ட போட்டிகளில் அவர் ஓடியதைக் கண்டு ஜெனரல் பேட்டன் வியந்து பாராட்டியதாகச் சொல்வார்கள்.

நாடு திரும்பியபின் அவருக்கு இணையானவர் எவரும் இல்லை என்ற நிலை உருவாயிற்று. அவருடைய துறை தடை ஓட்டம். 110 மீட்டர் தூரத்தில் பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் மூன்றரை அடி உயரம். இந்த ஓட்டத்துக்கு நெடிய கால்கள் உடையவர்களே ஏற்றவர்கள் என்பது பொதுக் கருத்து. டில்லார்டோ ஐந்தடி பத்து அங்குலமே இருந்தார். ஆயினும் 1947 ஆம் ஆண்டின் நடுவிலிருந்து 1948 ஜூன் வரை, தடை ஓட்டமும் தடையில்லா ஓட்டமுமாகத் தொடர்ந்து 82 பந்தயங்களில் அவர் தோற்கவில்லை. 1948 ஏப்ரலில் 120 கெஜத் தடை ஓட்டத்தை 13.6 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார். அவ்வாண்டு இலண்டனில் ஒலிம்பிக் நடக்கவிருந்தது. அதில் எந்தப் பதக்கம் யாருக்கு என்பதில் ஐயம் இருந்தாலும் இந்த ஒன்றில் ஐயம் இல்லை என்றே விளையாட்டுலகம் கருதியது.

1948 ஜூலையில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் எவான்ஸ்டன் நகரில் அமெரிக்க அணிக்கான தேர்வுப் போட்டிகள் நடைபெற்றன. ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் மூவருக்கே இடம். தடை ஓட்டத்தின் இறுதியில் டில்லார்ட் தொடக்கத்திலேயே ஒரு தடையை இடித்தார். பிறகு இன்னொன்று, பிறகு மற்றுமொன்று. கடைசித் தடையை எட்டும் முன்பே தடுமாறி நின்றுவிட்டார். மற்றவர்கள் ஓடி முடித்தனர். உலகின் தலைசிறந்த தடை ஓட்டக்காரருக்கு அந்த ஓட்டத்தில் கலந்துகொள்ளும் தகுதியே கிட்டவில்லை.

இங்கே அந்த ஓட்டத்தின் இயல்பைச் சற்றுச் சொல்ல வேண்டும். இரண்டு தடைகளுக்கு இடையிலான தூரம் 9.14 மீட்டர். அதை மூன்றே எட்டுகளில் கடந்து அடுத்த தடைக்கு எழும்ப வேண்டும். ஒரு தடையைக் கால் இடித்தால் விதிப்படி அது குற்றமன்று. தடை சாய்ந்து விழும், ஓடுபவர் மேலே ஓடலாம். ஆனால் இடித்த கணத்தில் வேகம் சிறிது குறைகிறது. வேகம் குறைந்ததால் அதே மூன்று எட்டுகள் முன்போல் தூரம் கொடுப்பதில்லை. அடுத்த தடைக்குச் சற்று எட்டவே கால் எழும்புகிறது. ஆகவே அதையும் இடிக்கிறது. ஒரு பிழை தன் நிழலை அடுத்த அடியின்மேல் வீழ்த்துகிறது. இரண்டாவது பிழை தனிப் பிழையன்று, முதற்பிழையின் வாரிசு. எவான்ஸ்டனில் நிகழ்ந்தது இதுவே. அவர் திறமை ஓரிரவில் மறைந்துவிடவில்லை. அந்தப் பதின்மூன்று பதினான்கு விநாடிகளுக்குள் தாளத்தை மீட்டெடுக்க இடமில்லாமல் போயிற்று; அவ்வளவே.

பின்பு நடந்ததைப் பலரும் அறிவர். இலண்டனில் அவர் 100 மீட்டர் ஓட்டத்தில், அதாவது தடைகளே இல்லாத ஓட்டத்தில், ஓடினார், 10.3 விநாடிகளில் தங்கப் பதக்கம் வென்றார். 'ஒரு கதவு மூடப்பட்டபோது மனம் தளராமல் வேறொரு கதவைத் தட்டினார். அது திறந்தது' என்று இந்நிகழ்ச்சியைச் சொல்வது வழக்கம். மேடையில் சொல்வதற்கு மிகவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அவ்வாறன்று. 100 மீட்டர் தேர்வு ஓட்டம் முந்தைய நாளே நடந்து முடிந்திருந்தது. அதில் அவர் மூன்றாவதாக வந்து, கடைசி இடத்தைப் பிடித்து, அணியில் சேர்ந்துவிட்டார். தோல்விக்குப் பின் வந்த விடாமுயற்சியின் பயனன்று அந்த இடம். தோல்விக்கு முந்தைய நாளே கையில் இருந்தது. அன்று அது அவருக்கு ஒரு துணைப் பொருளாகவே தோன்றியிருக்கலாம்.

இந்தச் சிறு கால வரிசை நம்முடைய நீதிக் கதையைக் கலைத்துவிடுகிறது. கலையட்டும். உண்மை கலைத்துவிட்டால் கலைந்துபோகும் ஆறுதல் நெடுநாள் நமக்குத் துணை நிற்காது.

இப்போது ஒரு கற்பனை செய்து பார்ப்போம். முந்தைய நாள் 100 மீட்டர் ஓட்டத்தில் டில்லார்ட் மூன்றாவதாக வராமல், ஓர் அங்குலம் பின்தங்கி நான்காவதாக வந்திருந்தால்? மறுநாள் தடை ஓட்டத்திலும் தோல்வி. இலண்டன் இல்லை, பதக்கம் இல்லை, இன்று நாம் அவர் பெயரை எழுதப் போவதும் இல்லை. அதே மனிதர், அதே பயிற்சி, போர்முனையைக் கடந்து வந்த அதே மனவுறுதி. ஓர் அங்குலம் மட்டுமே வேறு. இவ்விரு டில்லார்டுகளில் ஒருவரை நாம் 'தோல்வியை வென்றவர்' என்று கொண்டாடுகிறோம்; மற்றவரைப் பற்றி நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவ்வாறெனில் நாம் மதிப்பது மனிதரையா, அங்குலத்தையா?

கற்பனை வேண்டாம் என்பவர்களுக்கு நம் நாட்டு எடுத்துக்காட்டே இருக்கிறது. அதே இலண்டன் ஒலிம்பிக்கை ஹாக்கித் தங்கத்துக்காக நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சுதந்திர இந்தியா வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அங்கேயே மும்முறைத் தாண்டுதலில் ஹென்றி ரெபெல்லோ என்ற இருபது வயதும் நிரம்பாத இந்திய இளைஞர் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றிருந்தார். பதக்கம் பெறக்கூடியவர் என்று எண்ணப்பட்டவர். இறுதிச் சுற்றில் தாண்ட முனைந்தபோது தொடைத் தசை கிழிந்தது, மணலில் விழுந்தார். அவருக்கு முந்தைய நாள் திறந்துவைத்த வேறு கதவு ஏதும் இருக்கவில்லை. பின்னர் அவர் விமானப்படையில் பணியாற்றினார். ஒலிம்பிக் பதக்கம் அவருக்குக் கிட்டவே இல்லை. டில்லார்டைப் பற்றி நாம் எழுதும் உபதேசம் ரெபெல்லோவுக்கு முன் நின்று வாய்விட்டுச் சொல்லத் தக்கதாக இருக்க வேண்டும். இல்லையேல் அது உபதேசமன்று, வென்றவருக்கான புகழுரை.

மேலைத் தத்துவத்தில் இச்சிக்கலுக்குத் தனிப் பெயரே உண்டு. 1976 இல் பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் இரு அறிஞர்கள் 'அறநெறியில் அதிர்ஷ்டம்' என்ற பொருளில் எதிரெதிரே கட்டுரைகள் வாசித்தனர். நம் வசத்தில் இல்லாத ஒன்றுக்காக நம்மைப் பாராட்டுவதோ பழிப்பதோ முறையன்று என்று நாம் அனைவரும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் நடைமுறையில் ஒவ்வொரு நாளும் அதையே செய்கிறோம் என்பதை அவர்கள் சுட்டிக் காட்டினர். அவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் கான்ட், நல்ல உறுதி தன் நோக்கத்தை ஈடேற்ற முடியாமல் போனாலும் அதன் மதிப்பில் ஒன்றும் குறைவதில்லை என்று வாதிட்டிருந்தார். அவருக்கும் நெடுங்காலம் முன்பே கிரேக்க ஸ்டோயிக் மரபினர் ஒரு வில்லாளியை எடுத்துக் காட்டினர். குறி பார்ப்பதும், நாணை இழுப்பதும், மூச்சை நிறுத்தி அம்பை விடுவிப்பதும் வில்லாளியின் வசத்தில் உள்ளவை. விடுபட்ட அம்பைக் காற்று திருப்புவது அவன் வசத்தில் இல்லை. ஆகவே நன்றாக எய்வதே அவனுடைய தொழில். இலக்கில் தைப்பது அத்தொழிலுக்கு வெளியே நிகழ்வது. செயலில் உரிமையும் பயனில் பற்றின்மையும் என்று இதை நம் மரபில் கேட்டுப் பழகியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால் இங்கேதான் வாசகர் ஒருவர் எழுந்து ஓர் ஆட்சேபம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் கவனமாகப் படிக்கவில்லை என்றே எண்ணுவேன். 'பயனில் நாட்டம் இல்லாதவன் ஓடுவானா? வெற்றியை விரும்பாதவனின் கால்களில் வேகம் எங்கிருந்து வரும்? பற்றற்ற ஓட்டக்காரன் என்பது பசியற்ற விருந்தாளி போன்றதன்றோ?'

வலுவான ஆட்சேபம்தான். பற்றின்மை என்ற சொல்லை நாம் சோம்பலுக்குப் போர்வையாக்கிய தருணங்கள் எத்தனையோ உண்டு. தேர்வுக்குப் படிக்காத மாணவன் மதிப்பெண்ணில் பற்றில்லை என்று சொன்னால் அவனுக்கு இல்லாதது பற்று அன்று, உழைப்பு. ஆகவே பதிலைக் கவனமாகச் சொல்ல வேண்டும். வில்லாளி இலக்கைப் பார்க்கத்தான் வேண்டும். இலக்கைப் பாராமல் நன்றாக எய்வது என்ற ஒன்றே இல்லை. ஓட்டக்காரர் கோட்டை நோக்கித்தான் ஓட வேண்டும். விருப்பம் செயலின் உறுப்பு. அதை வெட்டி எறிந்தால் செயலே முடமாகும். விலக்க வேண்டியது வேறொன்று: கோட்டைத் தொட்டால்தான் நான் ஒரு பொருட்டு, தொடாவிட்டால் நான் ஒன்றுமில்லை என்னும் பந்தயம். ஓடுகளத்தில் நடக்கும் பந்தயத்தோடு உள்ளத்தில் இரகசியமாக நாம் வைத்துக்கொள்ளும் இந்த இரண்டாம் பந்தயமே துன்பத்தின் ஊற்று. முதற்பந்தயத்தில் தோற்றவர் மறுநாள் பயிற்சிக்குப் போகலாம். இரண்டாவதில் தோற்றவருக்குப் போக இடமில்லை.

பயன் என்பது செயலுக்கு எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதற்கு டில்லார்டின் இலண்டன் நாட்களிலேயே ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 4 x 100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அவரும் பார்னி யூவெல், லொரன்சோ ரைட், மெல் பேட்டன் ஆகியோரும் ஓடி எளிதாக முதலாவது வந்தனர். ஆனால் யூவெல் ரைட்டிடம் கைத்தடியைக் கொடுத்த இடம் குறிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே என்று நடுவர்கள் தீர்ப்பளித்து அணியை நீக்கினர். தங்கம் பிரிட்டிஷ் அணிக்குப் போயிற்று. சில நாட்களுக்குப் பின் ஓட்டத்தின் திரைப்படச் சுருளைப் பார்த்து, கைமாற்றம் எல்லைக்குள்ளேயே நிகழ்ந்தது என்று கண்டு, தீர்ப்பை மாற்றினர். பதக்கங்கள் கை மாறின. இடைப்பட்ட நாட்களில் அதே ஓட்டம் ஒரு தோல்வி. பிறகு அதே ஓட்டம் ஒரு வெற்றி. நான்கு மனிதர்கள் ஓடியதில் ஓர் அடிகூட மாறவில்லை.

யூவெலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 100 மீட்டர் இறுதி ஓட்டம் ஜூலை 31 அன்று வெம்பிளி அரங்கில் நடந்தது. (அமெரிக்கப் படைகளில் நிறப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையில் அதிபர் ட்ரூமன் கையொப்பமிட்டு ஐந்தே நாட்கள் ஆகியிருந்தன.) யூவெலுக்கு அப்போது முப்பது வயது. அவர் உச்சத்தில் இருந்த 1940, 1944 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்குகளைப் போர் விழுங்கிவிட்டது. அவருக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு இதுதான். கோட்டைக் கடந்ததும் தாமே வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்தி ஆனந்தக் கூத்தாடினார். ஓரத்துத் தடத்தில் ஓடிய டில்லார்டை அவர் கவனித்திருக்கவில்லை. முடிவுக் கோட்டின் நிழற்படம் டில்லார்டே முதல்வர் என்று காட்டியது. முகம் வாடியிருக்கலாம், யாருக்குத்தான் வாடாது? ஆனால் அவர் டில்லார்டிடம் சென்று வாழ்த்துத் தெரிவித்தார்.

டில்லார்டின் தங்கத்தைவிட இந்தக் கைகுலுக்கலையே நான் பெரிதாக எண்ணுகிறேன். தங்கத்தில் ஓர் அங்குலத்தின் பங்கு இருக்கிறது. கைகுலுக்கலில் அங்குலத்துக்குப் பங்கில்லை. ஒரு கணத்துக்கு முன் தமதென்று எண்ணிக் கூத்தாடிய ஒன்றை, பல்லாயிரம் கண்கள் பார்த்திருக்க, மற்றவருடையது என்று ஏற்றுக்கொள்வது எளிய காரியமன்று. அதற்கு எந்த நாடும் பதக்கம் வார்ப்பதில்லை.

ஆனால் இங்கேயும் ஒரு முள் உண்டு. அந்தப் பெருந்தன்மை மட்டும் முழுக்க யூவெலுடைய ஈட்டலா? நேகல் இதையும் விடவில்லை. பிறவி இயல்பு, வளர்த்தவர்கள், கண்ட நல்ல முன்மாதிரிகள் ஆகியவையும் நாம் கேட்டுப் பெற்றவை அல்லவே! டில்லார்ட் வேறொரு நகரில் பிறந்திருந்தால் ஓவன்ஸின் ஊர்வலத்தைக் கண்டிருக்க மாட்டார். குணத்திலும் அதிர்ஷ்டத்தின் கை இருக்கிறது என்றால், 'பதக்கம் என்னுடையதன்று. ஆனால் என் பொறுமை என்னுடையது' என்று ஒருவர் பெருமை பாராட்டவும் வழியில்லை. இது சிலருக்கு அச்சத்தைத் தரலாம். எனக்கென்னவோ இது சுமையைக் குறைப்பதாகவே படுகிறது. என் கணக்கில் எவ்வளவு என்று எழுதிப் பார்க்கும் பழக்கமே இங்கு கழன்று விழுகிறது. எஞ்சுவது 'அடுத்து என்ன செய்ய வேண்டும்' என்ற கேள்வி மட்டும்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றி இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. தமிழில் நாம் 'தடை ஓட்டம்' என்கிறோம். தடை என்றவுடன், போகிற வழியில் குறுக்கே வந்து நம்மை நிறுத்துவது என்றே பொருள் கொள்கிறோம். ஆனால் அந்த ஓட்டத்தில் தடைகள் வழியில் வந்து விழுந்தவை அல்ல. பத்தையும் அளந்து வைத்துவிட்டே ஓட்டத்தைத் தொடங்குகிறார்கள். அவற்றை அகற்றினால் ஓட்டம் எளிதாகாது. அந்த ஓட்டமே இல்லாமல் போகும். இந்த நோக்கில் டில்லார்ட் எவான்ஸ்டனில் சந்தித்தது அவருடைய ஓட்டத்துக்கு நேர்ந்த இடையூறு அன்று. இடித்து விழும் சாத்தியம் முதல் நாளிலிருந்தே அந்த ஓட்டத்தின் பகுதியாக இருந்தது. 82 வெற்றிகளிலும் அது மறைந்திருந்தது, அன்று வெளிப்பட்டது.

அவர் தடை ஓட்டத்தைக் கைவிடவில்லை. இலண்டனில் வில்லியம் போர்ட்டரும் வேறிரு அமெரிக்கர்களும் அந்த ஓட்டத்தின் மூன்று பதக்கங்களையும் வென்றபின், டில்லார்ட் மேலும் நான்காண்டுகள் காத்திருந்தார். ஓட்டக்காரர்களின் வாழ்வில் நான்காண்டுகள் என்பது பெருங்காலம். 1952 இல் ஹெல்சின்கி நகரில், இருபத்தொன்பதாம் வயதில், 110 மீட்டர் தடை ஓட்டத்தில் 13.7 விநாடிகளில் முதலாவதாக வந்தார். தொடர் ஓட்டத்திலும் வென்றதால் அவருடைய தங்கங்கள் நான்காயின. 100 மீட்டரிலும் 110 மீட்டர் தடை ஓட்டத்திலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒரே ஆண் இன்றுவரை அவரே. 1956 ஆம் ஆண்டுக்கான அணியிலும் இடம்பெற முயன்றார், கிட்டவில்லை. பின்னர் கிளீவ்லாந்திலேயே பணிபுரிந்து, அங்கேயே வாழ்ந்து, 2019 நவம்பரில் தமது 96 ஆம் வயதில் காலமானார்.

ஹெல்சின்கியோடு கதையை முடித்தால் நமக்கு நிறைவாக இருக்கும். காத்திருந்தவருக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று எண்ணிப் பக்கத்தை மூடிவிடலாம். ஆனால் அந்த ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவர் ஒருவர் இருக்கிறார். ஜாக் டேவிஸ், அப்போது இருபத்தொரு வயது. ஒன்பதாவது தடையை அவர் கால் இடித்தது. ஆயினும் அவருடைய நேரமும் 13.7 விநாடிகள் என்றே பதிவாயிற்று. அவரும் நான்காண்டுகள் காத்திருந்தார். 1956 இல் மெல்போர்னில் மீண்டும் இறுதி ஓட்டத்தில் நின்றார். அங்கே லீ கல்ஹூன் 13.5 விநாடிகளில் வென்றார். டேவிஸின் நேரமும் 13.5 விநாடிகளே. இம்முறையும் அவர் கைக்கு வந்தது வெள்ளிப் பதக்கம்தான்.